மண்ணுக்கேற்ற மனை: இன்சீன் மரவீடும் செட்டிநாட்டு வளவும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம்மவர் நாவில் இன்றும் வழங்கிவரும் பழமொழி. இரண்டிலும் பணம் கரையும் என்பதே அதன் பொருள் என்று பலரும் கொள்கின்றனர். ஆயின், வீடு கட்டுவதில் கரைவது பணம் மட்டுமன்று. காட்டு மரமும், மலையின் சுண்ணாம்புக் கல்லும், வயல் மண்ணும், சூளையின் விறகும் அதில் கரைகின்றன. கட்டி முடித்த பின்னரும் அவ்வீட்டைக் குளிர்விக்கவும், உலரவைக்கவும், ஒளியூட்டவும் ஆண்டுதோறும் செலவு தொடர்கிறது. சுற்றுச்சூழலுக்கு இசைந்த கட்டடக்கலை என்று இன்று உலகெங்கும் பேசப்படும் துறை, இவ்விரு செலவுகளையும் குறைக்கும் வழியையே ஆராய்கிறது.

துறையின் பெயர் புதியது. அதன் உள்ளடக்கம் மிகப் பழையது. இன்சீனில் வாழும் தமிழருக்கு இவ்வகையில் இரண்டு முதுசொத்துகள் உண்டு. ஒன்று, வந்து குடியேறிய பர்மிய மண்ணின் மரவீடு. மற்றொன்று, முன்னோர் விட்டுவந்த தமிழ்நாட்டின் சுண்ணாம்பு வீடு. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவற்றின் அறிவும் விளங்கும்; அவை காட்டுக்கு வைத்த கடனும் விளங்கும்.

மழைக்கு ஏற்ற வீடு

ரங்கூன் நகரத்துக்கு வடக்கே, லைங் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது இன்சீன். ரங்கூனிலிருந்து புரோம் நகருக்கு இரயில் பாதை 1877-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையின் மீது அமைந்த இன்சீனில் இரயில்வேப் பட்டறை எழுந்தது. அங்கே தொழில் தேடித் தமிழர், தெலுங்கர் முதலிய இந்தியர் பலர் குடியேறினர். 1887-இல் இன்சீன் சிறைச்சாலை கட்டப்பெற்றது. அரசாங்கம் தனக்கு வேண்டிய பெருங்கட்டடங்களைச் செங்கல்லாலும் இரும்பாலும் எழுப்பிற்று. பொதுமக்களோ மரத்தாலும் மூங்கிலாலும் ஆன வீடுகளில் வாழ்ந்தனர். இவ்வேறுபாட்டுக்கு வறுமை மட்டுமே காரணம் என்று கருதுவது பிழை.

இப்பகுதியில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர், அதாவது 100 அங்குலத்துக்கு மேல், மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையுள்ள ஆறு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலம் நனைந்து ஊறி நிற்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இரவிலும் வெப்பம் அதிகம் தணிவதில்லை. இத்தகைய இடத்தில் தரையோடு தரையாகக் கனத்த சுவர் எழுப்பினால், சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுதும் உள்ளே விடும்.

பர்மிய மரவீடு இதனை எண்ணியே அமைந்தது. வீடு தூண்களின் மேல் நிற்கும். வெள்ளமும் ஈரமும் தளத்தைத் தொடுவதில்லை. தளத்தின் அடியில் ஓடும் காற்று பலகை இடுக்குகளின் வழியே மேலேறுகிறது. சுவர் மெல்லிய பலகையோ மூங்கில் தட்டியோ ஆதலால் வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. கதிரவன் சாய்ந்த சிறிது நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். கூரை நன்கு சரிந்து, சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும். சாய்ந்தடிக்கும் மழையும் உச்சி வெயிலும் சுவர்மீது படுவதில்லை. பர்மியர் 'தனி' என்று அழைக்கும் நீப்பா ஓலை, கழிமுகக் கரைகளில் தானே வளர்வது. அதனால் வேய்ந்த கூரை தகரத்தைப் போலக் காய்வதில்லை.

வீட்டுக்கால்களுக்குப் பெரும்பாலும் பியின்கடோ என்னும் மரத்தைத் தேர்ந்தனர். இரும்பு மரம் என்று சொல்லத்தக்க அளவுக்கு உறுதி வாய்ந்தது அது. கரையான் அதனை எளிதில் தீண்டாது. இரயில் தண்டவாளத்தின் அடிக்கட்டைகளாக அதுவே இடப்பட்டது என்பதிலிருந்து அதன் வலிமையை உணரலாம். எனாஞ்சாவுங் பகுதியில் ஊறிய மண்ணெண்ணெய்க் கசடு போன்ற கச்சா எண்ணெயை மரத்தின்மேல் பூசி மழையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காத்தனர். மூங்கிலை வெட்டியதும் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டு, பூச்சிகளை ஈர்க்கும் மாவுச்சத்தை நீக்கிய பிறகே பயன்படுத்தினர்.

உடல்நல நோக்கிலும் இவ்வமைப்பு பொருள் பொதிந்தது. மனித உடல் வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாவது கடினம். அதற்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. காசநோய்க் கிருமிகள் மூடிய அறையில் தங்கி நிற்கும். காற்று ஓடும் அறையில் சிதறிக் குறையும். ஈரச்சுவரில் பூஞ்சணம் படரும். அது இழுப்பு நோயுள்ள குழந்தைகளுக்குத் தீங்கு. இவற்றை நூலில் படித்து அறியாத தச்சர்கள், தலைமுறை தலைமுறையாகக் கண்டுணர்ந்த அனுபவத்தால் இவ்வீட்டை வகுத்தனர்.

லைங் ஆற்றில் மிதந்து வந்த தேக்கு

பெகு யோமா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் பெய்யும் மழையை லைங் ஆறு ஏற்று வருகிறது. அம்மலையே பர்மாவின் புகழ்பெற்ற தேக்குக் காடுகளின் இருப்பிடம். ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் தேக்குக்கு வழங்கும் பெயர், மலையாளமும் தமிழும் வழங்கிய 'தேக்கு' என்ற சொல்லிலிருந்தே போர்த்துகீசியர் வழியாகச் சென்றது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பச்சைத் தேக்கு கனமானது, நீரில் அமிழ்ந்துவிடும். ஆகவே, மரத்தின் அடியில் பட்டையையும் வெளிக்கட்டையையும் சுற்றிலும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே அதனைச் சாகவிடுவார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நின்று உலர்ந்த பிறகே வெட்டுவார்கள். யானைகள் கட்டைகளை ஓடைக்கு இழுத்துச் செல்லும். மழைக்கால வெள்ளம் அவற்றை ஆற்றில் சேர்க்கும். அங்கே தெப்பங்களாகக் கட்டப்பெற்று ரங்கூன் மர ஆலைகளை வந்தடையும். எந்திரமோ எரிபொருளோ இன்றி, யானையின் வலிமையாலும் ஆற்றின் ஓட்டத்தாலும் நடந்த போக்குவரத்து அது.

1852-ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது. கப்பல் கட்டவும் இரயில் பெட்டி செய்யவும் தேக்கு வேண்டியிருந்தது. மரங்கள் வரைமுறையின்றி வீழ்த்தப்பட்டன. 1856-இல் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் டீட்ரிக் பிராண்டிஸ் பெகு காடுகளின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். அவர் காட்டுக்குள் நேரே சென்று, எந்தப் பருமனில் எத்தனை மரங்கள் உள்ளன என்று கணக்கெடுத்தார். ஓர் ஆண்டில் எவ்வளவு புதிதாக முதிர்கிறதோ அவ்வளவே வெட்டலாம் என்பது அவர் வகுத்த விதி. பின்னாளில் அது காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் வெட்டினால் மீண்டும் அங்கே வர 30 ஆண்டு காத்திருக்கும் முறையாக நிலைபெற்றது. குறிப்பிட்ட சுற்றளவை எட்டிய மரங்களை மட்டுமே வெட்டினர், இளமரங்கள் நின்றன.

மலைக்காட்டில் எரித்துப் பயிரிட்டு வந்த கரென் மக்களைப் பிராண்டிஸ் விரட்டவில்லை. அவர்கள் தம் நெல்லோடு தேக்கு விதையையும் ஊன்றி வளர்க்கச் செய்து, அதற்குக் கூலி அளித்தார். 'தவுங்யா' என்னும் இம்முறை பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பரவிற்று. இன்சீனில் நம்மவரின் அண்டை வீட்டாராகப் பெருந்தொகையில் வாழும் கரென் மக்களின் மூதாதையர், உலகக் காட்டியலுக்கு அளித்த பங்கு இது எனலாம். பிராண்டிஸ் 1864-இல் இந்தியாவின் முதல் காட்டுத்துறைத் தலைமை அதிகாரி ஆனார்.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. காடு மக்களின் உடைமை என்ற நிலை போய், அரசாங்கத்தின் உடைமை ஆயிற்று. 1863-இல் தோன்றிய பம்பாய் பர்மா வணிகக் கழகம் போன்ற பெரிய குழுமங்கள் ஆதாயம் அடைந்தன. அக்கழகத்துக்கும் திபோ மன்னருக்கும் தேக்கு பற்றி எழுந்த வழக்கே 1885-ஆம் ஆண்டுப் போருக்கு உடனடிக் காரணமாகக் காட்டப்பட்டது. ஆயினும், வெட்டுவதற்கு ஓர் அளவு உண்டு என்ற கொள்கை அன்றே எழுதிவைக்கப்பட்டது என்பது உண்மை.

கலைத்துக் கட்டும் மரபு

பர்மிய மரக்கட்டடத்துக்கு மற்றொரு சிறப்பு உண்டு. அதனைக் கலைத்து எடுத்துச் சென்று வேறோர் இடத்தில் மீண்டும் கட்டலாம். துளையும் முளையும் பொருந்தி நிற்கும் சட்டங்கள் ஆதலால், பிரித்தாலும் மரம் பாழாவதில்லை.

மிண்டோன் மன்னர் 1857-இல் மாண்டலே நகரத்தை நிறுவியபோது, அமரபுர அரண்மனையைப் பிரித்து அதன் மரங்களைப் புதிய அரண்மனைக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1850-ஐ ஒட்டி, ஆவா நகரின் பழைய அரண்மனையில் எஞ்சிய தேக்குத் தூண்களைக் கொண்டு அமரபுரத்தில் ஊபெய்ன் பாலம் கட்டப்பட்டது. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். மிண்டோன் மன்னர் உயிர் நீத்த மாளிகைப் பகுதியை, அவர் மகன் திபோ மன்னர் அரண்மனையிலிருந்து பிரித்து, வெளியே மடமாக அமைத்தார். அதுவே சுவேநன்டோ மடம். 1945-இல் போரில் மாண்டலே அரண்மனை எரிந்து சாம்பலாயிற்று. வெளியே சென்ற அந்த ஒரு பகுதி மட்டும் தப்பி, அரண்மனைத் தச்சரின் கைத்திறனுக்குச் சான்றாக நிற்கிறது.

நூறு ஆண்டு வளர்ந்த மரம் நூறு ஆண்டாவது பயன்பட வேண்டும் என்பது நியாயம். ஒரு கட்டடம் முடிந்தபின் மற்றொரு கட்டடத்தில் அம்மரம் உயிர் பெறுமானால், ஒரு மரத்தின் இடத்தில் மறுமரம் வளர்ந்துவிடும். காடு குறைவதில்லை.

நகரமும் நோயும்

மரவீடு கிராமத்துக்கும் புறநகருக்கும் ஏற்றதாயினும், நெருக்கமான நகரில் அதற்கு இடர் உண்டு. முதலாவது தீ. ஓலைக்கூரைத் தெரு ஒன்றில் பிடித்த நெருப்பு மறுதெருவையும் விடாது.

1852-இல் ஆங்கிலேயர் ரங்கூனைக் கைப்பற்றியபின், நகரத்துக்குத் திட்டம் வகுத்தவர்களில் முதல்வர் ஒரு மருத்துவர். சிங்கப்பூரில் பணியாற்றியிருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்னும் படை மருத்துவரே அவர். நேரான அகன்ற தெருக்களும், மேடாக்கப்பட்ட நிலமும், வடிகாலும் நோயைத் தடுக்கும் என்பது அவர் கருத்து. பொறியாளர் லெப்டினன்ட் ஃப்ரேசர் அத்திட்டத்தைத் திருத்தி நிறைவேற்றினார். இன்றைய யாங்கோன் நகர மையத்தின் சதுரக்கட்டத் தெருக்கள் அவர்கள் வரைந்தவையே.

திட்டம் நன்றாயினும், மக்கள் தொகை அதனை விஞ்சிவிட்டது. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ரங்கூன் மக்கள் 4 இலட்சம். அவர்களுள் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்திலும் நெல் ஆலைகளிலும் உழைத்த கூலிகள் கொட்டடிகளில் அடைந்து கிடந்தனர். ஈ.ஜே.எல். ஆண்ட்ரூ 1933-இல் வெளியிட்ட ரங்கூன் இந்தியத் தொழிலாளர் பற்றிய நூலில் அந்நெருக்கடி விவரிக்கப்பட்டுள்ளது. நீண்டு குறுகிய கட்டடங்களின் நடு அறைகளில் ஒளியும் இல்லை, காற்றும் இல்லை. 1905-இல் ரங்கூனில் நுழைந்த பிளேக் நோய் அத்தகைய இடங்களில்தான் வேரூன்றியது. செங்கல்லால் கட்டப்பட்டது என்பதாலேயே ஒரு வீடு நல்வீடு ஆகிவிடாது என்பதற்கு அக்கொட்டடிகளே சான்று.

1930-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் இரவு பெகு நகரில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. சுவேமோடோ பகோடா சரிந்து வீழ்ந்தது. உயிர் இழந்தோர் ஐந்நூறு பேர் வரை இருக்கும். ரங்கூனிலும் செங்கற் கட்டடங்கள் இடிந்து மக்கள் மாண்டனர். நிலம் ஆடும்போது மரச்சட்ட வீடு சேர்ந்து ஆடும். இணைப்புகள் நெகிழ்ந்து கொடுக்கும். பிணைப்பில்லாத செங்கற் சுவரோ பிளந்து சாயும். இப்பாடம் அன்று முழுதும் கற்கப்படவில்லை.

கடல் கடந்து சென்ற தூண்கள்

இனி, தமிழ்நாட்டின் பக்கம் திரும்புவோம். காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நகரத்தார் எழுப்பிய மாளிகைகள் உலகப் புகழ் பெற்றவை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அம்மாளிகைகளின் முகப்பில் நிற்கும் நெடுந்தூண்கள் பர்மாத் தேக்கு.

செட்டிநாடு மழை குறைந்த வறண்ட நிலம். பகல் கடுவெயில், இரவில் வானம் தெளிந்து வெப்பம் தணியும். இங்கே இன்சீன் வீட்டுக்கு நேர்மாறான அமைப்பே பொருந்தும். கனத்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாங்கி நிற்கும். வீட்டின் நடுவே வளவு எனப்படும் திறந்த முற்றம். சூடேறிய காற்று அதன் வழியே மேலே போகும். இரவின் குளிர்காற்று அதில் இறங்கித் தங்கும். முகப்புக் கதவு முதல் பின்கட்டுக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் வாயில்கள் அமைந்திருப்பதால் காற்று தங்குதடையின்றி ஓடும். பல அடுக்காக வேய்ந்த நாட்டு ஓடுகளின் இடையே காற்று தங்கி வெயிலைத் தடுக்கும். கூரைகள் உட்புறம் சரிவதால் மழைநீர் வளவில் விழும். அதனைப் பாத்திரங்களில் பிடித்துச் சேமிப்பர். ஊரில் விழும் நீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்.

சுவர்ப் பூச்சோ தனிக்கலை. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பல நாள் புளிக்க விடுவர். இறுதிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவர். நூறாண்டு கடந்தும் முகம் பார்க்கும் வண்ணம் மின்னும் சுவர்கள் உள்ளன. ஆத்தங்குடித் தரைக்கற்கள், உள்ளூர் மணலும் சிமெண்டும் வண்ணப்பொடியும் கலந்து கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படுபவை; அவற்றைச் சூளையில் சுடுவதில்லை.

காற்றையும் நீரையும் இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய இந்த வீடு, மரத்தை எங்கிருந்து எடுத்தது என்ற கேள்வியையும் எழுப்புகிறது. அதற்கு விடை பெகு யோமாக் காட்டில் உள்ளது. வாங்கிய பணமும் பெருமளவு பர்மாவில் ஈட்டியதே. ஐராவதிக் கழிமுகத்து உழவருக்குக் கடன் கொடுத்து நெல் விளைச்சலைப் பெருக்கியது நகரத்தாரின் முதலீடு. 1930-ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது கடன் திரும்பவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு மாறிற்று. நிலம் இழந்த பர்மிய உழவனின் மனக்கசப்பு நம்மவர் அனைவர் மீதும் விழுந்தது. வட்டிக்கு ஒரு காசும் கொடுத்தறியாத இன்சீன் பட்டறைத் தொழிலாளி மீதும் விழுந்தது. வரலாறு எழுதுங்கால் இதனை மறைத்தல் தகாது.

1941-42-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1960-களில் கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமை ஆனது ஆகியவற்றால் அவ்வுறவு முறிந்தது. வருவாய் நின்றதும் பல மாளிகைகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டன. அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, வேறு வீடுகளையும் விடுதிகளையும் அடைந்தன. மாண்டலே மன்னர் மனமாரச் செய்த ஒன்றை, இங்கே காலம் கட்டாயப்படுத்திச் செய்வித்தது.

சிமெண்டும் மாற்று வழியும்

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். விரைவில் இறுகுவது, எங்கும் கிடைப்பது என்பன அதன் நன்மைகள். நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பிக் கட்டுமானத்துக்கு அது தேவையே. ஆனால் அதன் விலையைக் காற்றும் செலுத்துகிறது. சுண்ணாம்பை நீற்ற ஏறத்தாழ 900 பாகை வெப்பம் போதும். சிமெண்டுக்கு 1,450 பாகை வேண்டும். சுண்ணாம்பு, சுவரில் இறுகும்போது தான் வெளியிட்ட கரியமில வாயுவின் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது.

சிமெண்டைத் தேவையான இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்று இந்தியாவில் காட்டியவர்களுள் லாரி பேக்கர் முதன்மையானவர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் மருத்துவ உதவிக் குழுவில் பணிபுரிந்தார். திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் வாழ்க்கையை மாற்றிற்று. இந்தியா வந்து தொழுநோயாளர் இல்லங்களைச் சீரமைத்தார். மருத்துவரான எலிசபெத் அம்மையாரை மணந்தார். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, ஏழைகளின் குடில் முதல் கல்லூரி வரை பல கட்டடங்களைக் கட்டினார். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் காற்றிடைவெளி விடும் முறையால் செங்கல்லில் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாயிற்று, அறையும் குளிர்ந்தது. கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்து, சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். சன்னல் கண்ணாடிக்குப் பதிலாகச் செங்கல் இடைவெளிகளால் காற்றும் ஒளியும் வரச் செய்தார். 2007-இல் அவர் மறைந்தார்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா என்னும் அமைப்பு, சிறிதளவு சிமெண்டோ சுண்ணாம்போ சேர்த்து அழுத்திய மண்கட்டிகளை ஆராய்ந்தது. அவற்றைச் சூளையில் சுட வேண்டுவதில்லை. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் இத்தொழில் வளர்ந்து, பல நாட்டினருக்கும் கற்பிக்கப்படுகிறது. நெல் உமியைச் சுட்ட சாம்பல், சுண்ணாம்போடு சேர்ந்து சிமெண்டு போல இறுகும் என்பதும் ஆய்வில் தெளிந்தது. உமிக்குப் பஞ்சமில்லாத கீழ்ப்பர்மாவுக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும்.

இன்று நம் முன் உள்ளவை

2008-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நர்கிஸ் புயல் தாக்கியது. கழிமுகத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஒரு இலட்சத்துக்கு மேல். யாங்கோனில் எண்ணற்ற வீடுகளின் தகரக்கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-இல் சவுக் நகரில் வெப்பம் 48.2 பாகையை எட்டியது. யாங்கோனிலும் 40 பாகையைத் தொட்டது. மின்சாரம் பல மணி நேரம் இல்லாத நாள்களில், தகரக்கூரையின் கீழ்ச் செங்கல் அறையில் முதியவரும் கைக்குழந்தையும் படும் பாடு சொல்லத் தரமன்று. இரவிலும் அறை தணியாவிடில் உடல் மீளுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. வெப்பத்தாக்கு உயிரைக் கொள்வது அப்படித்தான்.

2025-ஆம் ஆண்டு மார்ச் 28-இல் மாண்டலே, சகாயிங் பகுதியில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வலுவூட்டப்படாத செங்கற் கட்டடங்கள் பெருமளவில் வீழ்ந்தன. யாங்கோனைச் சேர்ந்த ப்ளூ டெம்பிள் என்னும் கட்டடக் குழு, மெல்லிய மூங்கில்களைக் கட்டுகளாகப் பிணைத்துச் சட்டமாக்கி, நிலநடுக்கத்துக்குச் சற்று முன்னர் மாண்டலேப் பகுதியில் கட்டி முடித்திருந்த சிறுவீடுகள் சேதமின்றி நின்றன. சகாயிங் பிளவு யாங்கோனுக்குக் கிழக்கே பெகு வழியாகவும் செல்கிறது என்பதை மறத்தல் ஆகாது.

அப்படியாயின் அனைவரும் தேக்கு வீடு கட்டலாமா? இயலாது. 1988-க்குப் பின் எல்லைப்புறக் காடுகள் சலுகைக்கு விடப்பட்டுப் பெருமளவு அழிந்தன. 1990-இல் நாட்டின் பாதிக்கு மேல் இருந்த காடு, 2015-இல் பாதிக்குக் கீழ் வந்துவிட்டது. 2014 ஏப்ரல் முதல் வெட்டுமர ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. 2016-இல் பெகு யோமாவில் பத்தாண்டுக்கு மரம் வெட்டத் தடை விதிக்கப்பட்டது. பிராண்டிஸ் வகுத்த கணக்கை மீறியதன் விளைவு இது. புதுத்தேக்கு இனி அரிய பொருள். மூங்கிலோ மூன்று நான்கு ஆண்டுகளில் முதிர்வது. வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது.

எனவே, இன்சீனில் பழைய பலகை வீடு வைத்திருக்கும் குடும்பத்தார், அதனை இடித்துச் செங்கல் அறை கட்டுமுன் சிறிது எண்ணிப்பார்ப்பது நலம். தூணின் அடி இற்றிருந்தால் அடியை மட்டும் மாற்றலாம். முழுத்தூணையும் விறகாக்க வேண்டா. பிரித்தே ஆகவேண்டுமெனில், மரத்தைப் பழுதின்றிக் கழற்றி மீண்டும் பயன்படுத்தலாம். தகரக்கூரை தவிர்க்க முடியாததாயின், அதன் அடியில் மூங்கில் தட்டி பரப்பி, இடையே காற்றோட வழி விடலாம், கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டலாம், வெண்மை பூசலாம். கூரைச்சட்டத்தைத் தூணோடு இறுகப் பிணைப்பது புயலுக்குக் காப்பு. செங்கற் சுவர் எழுப்புவோர், அடியிலும் சன்னல் மட்டத்திலும் மேலேயும் கம்பியிட்ட பிணைப்புப் பட்டை வைக்காமல் கட்டுவது ஆபத்து. எதிரெதிரே சன்னல் வைப்பதற்குக் கூடுதல் செலவு இல்லை. மழைநீரைப் பிடிக்கும் பீப்பாயை மூடி வைத்தால் டெங்குக் கொசு அதில் முட்டையிடாது. மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்போ மாவோ நட்டால், பத்தாண்டில் மாலை வெயில் சுவரை எட்டாது.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. பர்மியத் தச்சரும் தமிழ்நாட்டுக் கொத்தரும் பல தலைமுறைகளாகச் செய்துகாட்டியவையே. செட்டிநாட்டு வளவை இன்சீனில் கட்டினால் ஈரத்தில் ஊறும். இன்சீன் மரவீட்டைக் காரைக்குடியில் கட்டினால் வெயிலில் காயும். அந்தந்த மண்ணையும் மழையையும் பார்த்து, கிடைக்கும் பொருளை வீணாக்காமல் கட்டியவர்கள் அவர்கள். அவர்களின் பேரர்களாகிய நம் தலைமுறை, அடுத்த தலைமுறைக்கு ஒரு வீட்டையும், அதற்கு மரம் தந்த காட்டில் ஒரு பகுதியையேனும் விட்டுச் செல்லுதல் கடமையாகும்.